நாற்பத்தொன்றாம் எண்

ஜனவரி 14

ஆராய்ச்சிச் சிங்கம், எங்கள் வம்சத்தின் ஒரே நுண்ணோக்கி, என் அன்பு மருமகள் அவர்களின் சமூகத்துக்கு,

இந்தக் கறி வெட்டுக்கூடத்தின் அத்தனை கத்திகளுக்கும் ஏகச் சக்கரவர்த்தி, சாணைக்கல்லின் ஒரே மணாளன், உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். என் மீசை என்னைவிட நலம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வானிலை அறிக்கை வாசிக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை உன் அம்மா புலம்புவதுபோல் டீயிலேயே உயிர் வாழ்கிறாயா?

'போனில் சொன்னால் என்ன?' என்பாய். போனில் நாலு பொய் சொல்வதற்குள் நீ குறுக்கே பேசிவிடுகிறாய். தாளில் எனக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

உன் ஆணைப்படி ரத்தம் எடுக்கும் வைபவம் எங்கள் கூடத்துச் சாப்பாட்டு அறையில் நடந்தேறியது. நீ அனுப்பிய இரண்டு பெண்களும் ஊசியும் பெட்டியுமாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தன் கிட்டே வரவேண்டுமே! "யாரு குடிக்கிறான்னு கண்டுபிடிக்கத்தான் மாமா இது" என்றான் ஒருவன். "ரத்தத்த வித்துடுவாங்க" என்றாள் இன்னொருத்தி. நான் பெஞ்சின் மேல் ஏறினேன். நான் ஏறியதும் பெஞ்சு அழுதது, கூடமே நிமிர்ந்து பார்த்தது.

"ஏய், கேளுங்க! என் மருமக கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியத் தேடுறா. அது யாருகிட்ட இருக்குன்னு அவளுக்கு வேண்டாம், எத்தன பேருகிட்ட இருக்குன்னு மட்டும்தான் வேணும். பேரு கிடையாது, நம்பர் மட்டும். ஒரு ஆளோட சங்கதி வெளிய போச்சுன்னா இந்த மீசைய நான் எடுத்துடுறேன்!"

மீசை என்றதும் கூட்டம் உருகிவிட்டது. முதலில் வந்தவன் மலை. தோளுக்கொரு முழு ஆட்டைப் போட்டுக்கொண்டு குளிர் அறையிலிருந்து நடந்து வருகிற அதே மலைதான். ஊசியைப் பார்த்ததும் வேரோடு சாய்ந்தான். பூமி அதிர்ந்ததில் பக்கத்து நாட்டில் ஓடு விழுந்ததாகக் கேள்வி.

கடைசியாக வந்தது குருவி. கொழுப்புச் சீவும் மேசையில் இருக்கிற பெண். பிடித்து ஊதினால் பறந்துவிடுவாள். ஏன் கடைசி என்றால், அவள் குளிர் அறைத் திரைக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் பார்த்தேன். "மாமா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. வயித்துல இருக்குன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு" என்றாள். அவள் புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறான். உலை கொதிப்பது இவள் ஒருத்தியின் கையால். சாணைக்கல்லில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அப்புறம்தான் வந்து கையை நீட்டினாள். நாற்பத்தொன்றாவது டியூப் அவளுடையது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. உன்னிடம் சொல்வது சொல்வதில் சேராது. எனக்கு நானே சொல்லிக்கொள்வது மாதிரி.

வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கிவிட்ட,
மாமா


ஜனவரி 29

என் ஒரே பொய்யர் மாமாவுக்கு,

நான் நலம், மாமா. சாப்பிடுகிறேன். டீயும் குடிக்கிறேன். மீசைக்கு என் தனிப்பட்ட வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? 'தேய்க்கிறேன்' என்று நீங்கள் எழுதினால் நம்பமாட்டேன், அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

டியூப்கள் பத்திரமாக வந்தன. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாலு தொழிற்கூடங்களில் கேட்டேன், உங்கள் கூடத்தில் மட்டும்தான் எல்லோரும் கொடுத்தார்கள்.

பூச்சியைப் பற்றி உங்கள் கூடத்தில் கேட்டார்களாமே, ரத்தம் எடுக்க வந்த பெண்கள் சொன்னார்கள். பேர் டாக்ஸோபிளாஸ்மா. பூனை வயிற்றில் முட்டைபோல உருவாகி, பூனைக் கழிவு வழியாக மண்ணுக்கு வரும். அங்கிருந்து கழுவாத காய்கறி, ஆடு, எல்லாவற்றுக்கும். சரியாக வேகாத கறி, பச்சைக் கறி தொட்ட கை வாய்க்குப் போவது, இப்படி மனிதருக்குள் வரும். வந்தால் பெரும்பாலும் லேசான காய்ச்சல், பலருக்கு அதுகூட இருக்காது. அப்புறம் தசைக்குள்ளேயே ஆயுசுக்கும் தூங்கும். உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது என்று கணக்கு. சில ஊர்களில் ரொம்பக் குறைவு, சில ஊர்களில் பாதிக்கு மேல். ஒரு பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் அதைச் சுமந்துகொண்டு டிக்கெட் வாங்குகிறார்கள் பாருங்கள்!

எலிக்கு இது வந்தால் பூனையைக் கண்டு பயம் குறைந்துவிடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

குருவிக்கு எத்தனை மாதம், மாமா?

உங்கள்,
வால்


பிப்ரவரி 10

வால் முளைத்த விஞ்ஞானிக்கு,

நலம், நலம், மூன்றாவது முறையும் நலம். எண்ணெய் தேய்க்கிறேன். (பொய்.)

எலிச் செய்தி வந்த நாள் முதல் எனக்குத் தூக்கமில்லை. எனக்குள் அந்தப் பூச்சி குடியிருக்கிறதா? இருந்தால் என் பயமெல்லாம் எங்கே போயிருக்கவேண்டும்? நேற்று உன் அம்மா, அதாவது என் அக்கா, "ஏண்டா, ஈரத் துண்ட நாற்காலியில போட்டது யாரு?" என்று கேட்டதும் இந்த வயதில் எனக்குக் கால் நடுங்கியது. ஆகவே எனக்குப் பூச்சி இல்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு. நீ சரிபார்த்துச் சொல். என் எண் ஒன்பது.

கூடத்தில் அந்தப் பூச்சிக்குப் பேர் வைத்தாயிற்று: வாடகை தராத குடித்தனக்காரன். சாப்பாட்டு வேளையில் ஒருத்தன் சோம்பல் முறித்தால் போதும், "குடித்தனக்காரன் முழிச்சிட்டான்டா" என்று சிரிக்கிறார்கள். மலை மட்டும் சிரிக்கமாட்டேன் என்கிறான். ஊசி இன்னும் அவன் கனவில் வருகிறதாம்.

குருவிக்கு மூன்றாவது மாதம். நீ கேட்டதால் சொல்கிறேன். அவள் ஏப்ரனை இரண்டு சுற்றாகக் கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். இடது கையில் கம்பி வலைக் கையுறை; அது கத்தி படாமலிருக்கத்தான், ரத்தம் படாமலிருக்க அல்ல. வலது கை வெறுங்கை. மூக்கு அரித்தால் மணிக்கட்டால் தேய்த்துக்கொள்வாள். எல்லோரும் அப்படித்தான். நேற்று என் சாணை அறை ஜன்னலுக்குக் கத்தி மாற்ற வந்தவள், "மாமா, உங்க மருமக தேடுற பூச்சி எனக்கு இருக்குமா? புள்ளைக்கு ஏதும் ஆகுமா?" என்றாள். "உன் உடம்புல அதுக்கு உட்கார இடம் ஏது?" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். சரியாகத்தானே சொன்னேன்?

பயத்துக்குக் குறைவில்லாத,
மாமா


மார்ச் 2

அன்பு மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா? பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

உங்கள் எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னாலும் நான் பதில் சொல்ல முடியாது. யாருக்கு இருக்கிறது என்று ஒருவரிடமும் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கினேன். தாய்மாமனுக்குக்கூடச் சலுகை கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மொத்தக் கணக்கைச் சொல்லலாம். நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்கு இருக்கிறது. பச்சைக் கறியோடு பழகும் இடம் என்பதால் அதிகம். எல்லாம் பழைய தொற்று. பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லுங்கள்.

சில விவரம் வேண்டும். கூடத்தில் ரப்பர் கையுறை கொடுக்கிறார்களா? பச்சைக் கறியே தொடாத வேலை ஏதாவது அங்கே உண்டா? உங்கள் கம்பெனி டாக்டர் எப்படிப்பட்டவர்? நல்ல மனிதரா? அவருடைய விலாசம் கிடைக்குமா?

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள்,
மருமகள்


மார்ச் 11

இருபத்தாறு குடித்தனக்காரர்களைக் கண்டுபிடித்த கணக்கெடுப்பு அதிகாரிக்கு,

நலம். மீசைக்கு நேற்று நரை ஒன்று வந்தது; மரியாதையோடு வரவேற்று உட்காரவைத்தேன்.

உன் கணக்கைப் பெஞ்சின் மேல் ஏறி அறிவித்தேன். "நாப்பத்தொன்னுல இருபத்தாறு!" கூடம் கைதட்டியது, ஏதோ தேர்தலில் ஜெயித்தது மாதிரி. உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். யாருக்கும் தன்னுடையது தெரியாது, ஆனாலும் எல்லோரும் இருபத்தாறில்தான் இருக்கிறார்களாம். "எனக்கு இல்லாம இருக்குமா? நான் இங்க இருபது வருஷமா இருக்கேன்" என்கிறான் மலை, ஏதோ பதவி உயர்வு மறுத்ததுபோல.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். ரப்பர் கையுறை கிடையாது. கேட்டால் மேனேஜர் ஐஸ்கட்டி, "கை வழுக்கும்" என்பார். அவர் ஐஸ்கட்டி ஆனது குளிர் அறையால் அல்ல, பிறவியிலேயே. டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை தருவார். ஐஸ்கட்டி நில் என்றால் நிற்பார். விலாசம் மறுபக்கத்தில்.

பச்சைக் கறி தொடாத வேலை இந்தக் கூடத்தில் ஒன்றே ஒன்று. அது உன் மாமாவின் சிம்மாசனம்! கத்திகள் கொதிநீரில் குளித்து, ஆவி பறக்கப் பறக்க என் அறைக்கு வரும். நான் சாணை பிடித்து, துடைத்து, ஜன்னல் வழியாக நம்பர் பார்த்துக் கொடுப்பேன். ஒரு ஸ்டூல், ஒரு கல், ஒரு மின்விசிறி. அறை அவ்வளவு சுத்தம், ஈகூடச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழையும்.

ஏன் கேட்கிறாய்? என்னைப் பார்க்க வரப்போகிறாயா?

சிம்மாசனத்திலிருந்து,
மாமா


மார்ச் 31

அன்பு மாமாவுக்கு,

நலம். வேலை அதிகம். அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். விவரங்களுக்கு நன்றி.

வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடியுங்கள். குருவியை வலது கையிலும் கையுறை போடச் சொல்லுங்கள். சாப்பிடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 19

அன்பு மருமகளுக்கு,

நலம் என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததை மறுபடி எழுதுகிறேன்: நலம். நீ நலமா?

உன் கடிதம் வந்த அன்றே என் சொந்தச் செலவில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி, குருவியிடம் நீட்டினேன். "எதுக்கு மாமா எனக்கு மட்டும்?" என்றாள். "உன் கைக்கு மட்டும்தான் அளவு கிடைச்சது" என்று அளந்துவிட்டேன். நாலு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐஸ்கட்டி அவளை எல்லோருக்கும் நடுவே அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே டாக்டரும் இருந்தார். திரும்பி வந்தவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தாள். வயிறு வெளியே தெரிந்தது. பிரசவம் முடிந்து வேண்டுமானால் வந்து பார், இடமிருந்தால் சொல்கிறோம் என்றார்களாம். அதுவரை சம்பளமில்லை.

போகும்போது கத்தியைத் திருப்பிக் கொடுக்க என் ஜன்னலுக்கு வந்தாள். பிடியை என் பக்கமாகத் திருப்பித்தான் நீட்டினாள், எப்போதும்போல. "சத்தியம் பண்ணீங்களே மாமா" என்றாள்.

அன்றிலிருந்து என்னோடு யாரும் பேசுவதில்லை. ஜன்னலுக்கு வருகிறார்கள், "பதினாலு" என்கிறார்கள், கத்தியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மலை நேற்று என் முகத்துக்கு நேரே, "மாமா, ஐஸ்கட்டி உங்களுக்கு என்ன குடுத்தாரு?" என்று கேட்டான். ஆயிரம் பொய்க்குச் சிரித்தவர்கள், ஒரு உண்மையை நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அவள் சங்கதி என் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறினேனா? நீ கெட்டிக்காரி. யோசித்துச் சொல், டாக்டருக்கு எப்படித் தெரிந்தது?

மாமா


மே 12

மருமகளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று அக்காவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகப் பேசினாள் என்றாள்.

குருவி வீட்டுக்குப் போனேன். வாசல்படியிலேயே நின்றாள். "உள்ள வாங்கன்னு சொல்ல மனசு வரல மாமா" என்றாள். சரி, இங்கேயே நிற்கிறேன், டாக்டர் என்ன சொன்னார், வார்த்தை மாறாமல் சொல் என்றேன்.

"'உன் ரத்தத்துல அந்தப் பூச்சிக்கு எதிர்ப்பே இல்லம்மா. இங்க வச்சுக்கிட்டு நாளைக்குப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில விழும்'னு சொன்னாரு" என்றாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது எனக்குத் தெரியும். அவள் ரத்தத்தில் என்ன இல்லை என்பது உனக்குத் தெரியும். நாற்பத்தொன்றாம் எண் யார் என்று உனக்குச் சொன்னது நான். இந்த மூன்றும் சேர்ந்து உட்கார உலகத்தில் ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது.

என் ஒன்பதாம் எண்ணைக் கேட்டேன். தாய்மாமனுக்குக்கூடச் சலுகை இல்லை என்று எழுதினாய். அதே கடிதத்தில்தான் டாக்டர் விலாசத்தையும் கேட்டிருக்கிறாய்.

நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் ஒரு வரி எழுது. அந்த வரிக்காகத் தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிக்கிறேன்.

மாமா


மே 24

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கணக்கு சரி.

நீங்கள் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நாற்பத்தொன்றில் ஒன்றும் இல்லை. நாலு முறை பார்த்தேன். மற்றவர்களுக்கு அது நல்ல சேதியாக இருக்கலாம், குருவிக்கு இல்லை. முன்பே வந்திருந்தால் அவள் உடம்பே குழந்தையைக் காத்திருக்கும். இதுவரை வராதவளுக்கு இந்த மாதங்களில் புதிதாக வந்தால் குழந்தையின் கண்ணுக்கும் மூளைக்கும் போகலாம். கூடத்தில் இருபத்தாறு பேர் சுமந்துகொண்டு சிரிக்கிறார்கள், சுமக்காத ஒருத்தி வெறுங்கையால் கொழுப்புச் சீவிக்கொண்டு மூக்கைத் தேய்த்துக்கொள்கிறாள். நீங்கள் எழுதிய அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை, மாமா.

டாக்டருக்கு எழுதினேன். அவளை வேறு வேலைக்கு மாற்றுங்கள், வேறு யாருக்கும் தெரியவேண்டாம் என்றுதான் எழுதினேன். மாற்றுகிறேன் என்று பதில் போட்டார். நேரே மேனேஜரிடம் போவார் என்று நான் நினைக்கவில்லை. ஐஸ்கட்டி நில் என்றால் நிற்பார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துச் சிரித்தேன். நம்பவில்லை. நீங்கள் எழுதுவதில் எது நிஜம், எது விளையாட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள். கல்லில் கை வைத்துச் சத்தியம் செய்த கையோடு எனக்கு எழுதிவிட்டீர்கள், மாமா. உங்களிடம் சொன்னால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

குருவிக்கே நேராக எழுதியிருக்கலாம். அது இப்போதுதான் தோன்றுகிறது.

என்னைத் திட்டி எழுதுங்கள். நீளமாகத் திட்டுங்கள்.

வால்


ஜூன் 8

மருமகளுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

நீ எழுதியது அத்தனையும் சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய்யாக ஒரு வரி இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன்.

என் வாய் ஓட்டை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓட்டை வழியாக வந்ததை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாய். உனக்குச் சொல்வது எனக்கே சொல்லிக்கொள்வது என்று நான் நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை. நீ பிறந்த நாளிலிருந்து உன்னிடம் நான் எதையாவது மறைத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவுக்கு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

பச்சைக் கறி தொடாத வேலை எது என்று கேட்டாய். என் அறை, என் ஸ்டூல், என் மின்விசிறி என்று பக்கம் நிறைய எழுதினேன். ஏன் கேட்கிறாய் என்றும் கேட்டேன். நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், 'எழுந்திரு மாமா, அவளை உட்காரவை' என்று, அன்றைக்கே எழுந்திருப்பேன். காரணம்கூடக் கேட்டிருக்கமாட்டேன். டாக்டர் தேவைப்பட்டிருக்கமாட்டார்.

போன வாரம் ஐஸ்கட்டியின் அறைக்குள் போனேன். குருவி ஜன்னலில் உட்காரட்டும், அவள் மேசைக்கு நான் போகிறேன் என்றேன். முடியாது என்றார். பயமே இல்லாத எலிபோல நின்றேன் என்று முன்பானால் எழுதியிருப்பேன். பயமாகத்தான் இருந்தது.

அப்போது கதவில் மலை வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். நான் முந்தைய நாளே பெஞ்சின் மேல் ஏறாமல், தரையில் நின்று, நடந்ததை எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். நான் யாரிடம் சொன்னேன், அது யாரிடம் போனது, எல்லாம். மலை ஐஸ்கட்டியிடம், "சார், எத்தன பேருன்னு எண்ணத்தான் ரத்தம் குடுத்தோம். எண்ணிட்டு ஒரு ஆள வெளிய தள்ளறதுக்கு இல்ல. அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் ஜன்னல்ல கத்தி வாங்க மாட்டோம்" என்றான். கத்தி வாங்காவிட்டால் கூடத்தில் ஒன்றும் நடக்காது. மத்தியானம்வரை கொக்கிகள் சும்மா தொங்கின. அப்புறம் சரி என்றார்.

இப்போது குருவி ஸ்டூலில் இருக்கிறாள். நான் கொழுப்புச் சீவுகிறேன், இரண்டு கையிலும் கையுறையோடு. என் கத்தியை மாற்ற ஜன்னலுக்குப் போவேன். "நம்பர்?" என்பாள். "ஏழு" என்பேன். கொடுப்பாள். அவ்வளவுதான் பேச்சு.

மீசையை எடுத்துவிட்டேன். சொன்ன சொல். அக்கா பார்த்துவிட்டு, "யாருடா நீ?" என்றாள். அவள் சிரிக்கத்தான் கேட்டாள்.

மாமா


ஆகஸ்ட் 28

அன்பு மாமாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் 'நலம், மழை இல்லை' என்று மட்டும் அட்டையில் எழுதிப் போட்டீர்கள். அந்த அட்டைகளை வைத்திருக்கிறேன்.

உங்கள் முழங்கால் எப்படி? குனிந்து சீவும் வேலை உங்களுக்கு ஆகாது. மீசை வளர்கிறதா?

என் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வாக்கு மீறியதை எங்கள் துறைத் தலைவரிடம் நானே சொன்னேன். நாற்பத்தொரு பேரின் கணக்கையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். உங்கள் கூடத்துக்கு வெளியே உலகத்தில் ஒருவருக்கும் அங்கே எத்தனை பேர் என்று இனித் தெரியாது. அது உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இல்லை.

குருவிக்கு இந்த மாதம்தானே? பிறந்துவிட்டதா? ஆணா பெண்ணா? குழந்தையின் கண்ணைப் பார்த்தார்களா, வெளிச்சத்துக்குத் திரும்புகிறதா? எடை என்ன? ஒரு வரி போதும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, பழையபடி நாலு பக்கம் பொய்யாக எழுதுங்கள். எது நிஜம் என்று நானே தேடிக்கொள்கிறேன்.

வால்


செப்டம்பர் 16

மருமகளுக்கு,

நலம். முழங்கால் வலிக்கிறது. மீசை வளர்க்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

குருவிக்குப் பிரசவம் ஆயிற்று. நீ கேட்ட ஆறு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கூடத்தில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டு அனுப்பினாள். இந்த முறை உள்ளே வரச் சொன்னாள். நாற்காலி போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். அதிலிருந்து உனக்குத் தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொள். அக்காவிடம் கேட்காதே, அவளுக்கும் தெரியாது.

கிளம்பும்போது குருவி, "யாருகிட்டயும் சொல்லாதீங்க மாமா" என்றாள்.

சொல்லவில்லை.

மாமா